கால்சியம் மாத்திரையை நிறுத்தினால் அக்காவின் நோய் எனக்கு வராதா?

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயது. பள்ளியில் படிக்கும்போதிருந்தே அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் முன்பு இடது கண்ணில் எழுத்துகள் நெளிந்து தெரிகின்றன என்று போனாள். விழித்திரைக்கு அடியில் விரிசல்கள் என்று சொல்லிக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பிறகு கழுத்துத் தோலில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து ‘சூடோசாந்தோமா எலாஸ்டிகம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். சேரக் கூடாத இடத்தில் கால்சியம் சேர்கிறது, பரம்பரை நோய் என்று விளக்கம். அம்மா அப்பா இருவருக்கும் இப்படி எதுவும் இல்லை. நிறையப் பால் கொடுத்து வளர்த்ததுதான் காரணமோ என்று அம்மா அழுகிறாள். எனக்கு 36 வயது. முழங்கால் வலிக்காக ஒரு வருடமாகக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடட்டுமா? எனக்கும் என் 8 வயது மகளுக்கும் இது வருமா? இணையத்தில் ‘உடம்பே கல்லாகிவிடும்’ என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை.

பதில்:

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், பால் கொடுத்ததால் இது வரவில்லை. அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். கால்சியம், பாஸ்பேட் இரண்டும் எல்லோருக்கும் இருக்கிற அளவில்தான் இருக்கும். இந்த நோயில் ரத்தத்தில் கால்சியம் கூடுவதில்லை. நான் மரபியல் ஆலோசனையில் இருப்பவன், இந்த நோயோடு வருகிற குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வியே ‘என்ன சாப்பிட்டதால் வந்தது’ என்பதுதான். விளக்கத்தில் கால்சியம் என்று வந்துவிட்டால் மனம் நேரே சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்விடுகிறது, பாவம்.

நடப்பது என்னவென்றால், கால்சியமும் பாஸ்பேட்டும் நம் எல்லோருடைய உடல் திரவங்களிலும் எப்போது வேண்டுமானாலும் படிந்துவிடலாம் என்ற நிலையில்தான் இருக்கின்றன. எலும்பும் பல்லும் கட்டவேண்டுமே, அதற்காக. அப்படியானால் தோலிலும் கண்ணிலும் ரத்தக்குழாயிலும் ஏன் எல்லோருக்கும் படிவதில்லை? யாரோ தடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிகலன் குழாய்களிலும் அதே தொல்லை உண்டு, அதைத் தடுக்கத் தண்ணீரில் பாலிபாஸ்பேட் என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் கலப்பது பழைய வழக்கம். 1960களில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர், உடம்புக்குள்ளும் இப்படி ஒன்று இருக்குமோ என்று தேடினார். கிடைத்தது பைரோபாஸ்பேட். இரண்டு பாஸ்பேட் ஒட்டிக்கொண்ட சின்ன மூலக்கூறு, ரத்தத்திலும் சிறுநீரிலும் மிகக் குறைந்த அளவில் இருந்துகொண்டு படிகம் வளரவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

அக்காவுக்குக் குறைவாக இருப்பது இதுதான். அவருக்குக் கால்சியம் அதிகமாகவில்லை, பிரேக் தேய்ந்திருக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் நீங்கள் கேட்ட பாதிக் கேள்விகள் தானாகத் தீர்ந்துவிடும்.

இனி மரபணு. இந்த நோய்க்குக் காரணமான ஏ.பி.சி.சி.6 என்ற மரபணு 16ஆவது குரோமோசோமில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. அமெரிக்காவில் ஷரோன் டெரி, பேட்ரிக் டெரி என்ற தம்பதியின் இரண்டு குழந்தைகளுக்கும் 1994இல் இதே நோய் என்று தெரியவந்தது. இருவரும் மருத்துவர்களோ விஞ்ஞானிகளோ இல்லை. ஆளாளுக்கு ஓர் ஆய்வுக்கூடம் தனித்தனியாக ரத்த மாதிரி கேட்பதைப் பார்த்து வெறுத்துப்போய், தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கிக் குடும்பங்களைத் தேடித் தேடி மாதிரிகளைச் சேர்த்தார்கள். ஐந்தாறு வருடத்தில் மரபணு கையில் வந்துவிட்டது.

வந்த பிறகு எல்லோருக்கும் குழப்பம். தோலிலும் கண்ணிலும் தெரிகிற நோய், ஆனால் இந்த மரபணு முக்கியமாக வேலை செய்கிற இடம் கல்லீரல்! கல்லீரலில் அது என்னதான் செய்கிறது என்பதற்கு உருப்படியான பதில் கிடைக்க 2013 வரை ஆனது, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். இந்த மரபணு செய்யும் புரதம் கல்லீரல் செல்களிலிருந்து ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வெளியே வர வழிசெய்கிறது. வெளியே வந்ததும் வேறொரு நொதி அதை வெட்டுகிறது, வெட்டும்போது கிடைக்கிற துண்டுகளில் ஒன்று பைரோபாஸ்பேட். அது ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. கல்லீரலில் அந்தக் கதவு அடைபட்டால், கழுத்துத் தோலில் இருக்கிற மீள்நார் காவல் இல்லாமல் நிற்கிறது.

மீள்நார் என்றது எலாஸ்டின். தோலை இழுத்துவிட்டால் திரும்பவும் பழைய இடத்துக்குப் போகிறதே, அது இந்த நாரின் வேலை. அக்காவின் தோல் துண்டைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்கள். வழக்கமாக மெல்லிய இழைகளாக ஓட வேண்டியவை துண்டுதுண்டாக அறுந்து சுருண்டு கிடக்கும், கால்சியத்துக்கான சாயம் போட்டால் அந்தத் துண்டுகள் கரியால் கோடு இழுத்த மாதிரி கறுப்பாக எழும்பும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. வெளியிலிருந்து பார்க்கும்போது அதுவே இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி, மஞ்சள் மணிமணியாகத் தெரிகிறது. கழுத்து, அக்குள், முழங்கை மடிப்பு, தொடை இடுக்கு என்று அதிகம் மடங்கி விரிகிற இடங்களில்தான் வரும். கண்ணில் விழித்திரைக்கு அடியில் மீள்நார் கலந்த ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் கால்சியம் ஏறினால் அது விறைத்து, காய்ந்த வண்ணப்பூச்சு வெடிப்பது போல விரிசல் விடுகிறது. கண் மருத்துவர் சொன்ன விரிசல்கள் அவைதான். அந்த வெடிப்பு வழியாகப் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்தால் எழுத்து நெளியும்.

நீங்கள் இணையத்தில் படித்தது வேறு நோய், அதை இப்போதே தலையிலிருந்து இறக்கி வையுங்கள். ‘உடம்பே கல்லாகும்’ என்று பயமுறுத்தித் தலைப்பு வைக்கிறார்களே, அதில் தசையும் தசைநாரும் நிஜமான எலும்பாக மாறும். ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் வருவது, 2006இல் கண்டுபிடித்தார்கள். பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு. அந்தக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கால் கட்டைவிரல் குட்டையாகவோ உள்பக்கம் வளைந்தோ இருக்கும். அக்காவின் நோயில் எலும்பு முளைப்பதே இல்லை, நாரில் உப்புப் படிகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். திசுக்களில் கால்சியம் சேர்வது என்பது ஒரு நோய் இல்லை, ஒரு பெரிய குடும்பம். மேலே சொன்ன அதே வரிசையில் அடுத்த கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.பி.யை வெட்டுகிற நொதிக்கான மரபணு இ.என்.பி.பி.1. அது பழுதானால் பச்சைக் குழந்தையின் பெரிய ரத்தக்குழாய்களிலேயே கால்சியம் படிகிறது, பாதிக் குழந்தைகள் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. தாண்டிய குழந்தைகளில் பலருக்குப் பின்னால் பாஸ்பேட் குறைந்து எலும்பு வளைகிறது, அதாவது படியக் கூடாத இடத்தில் படிந்து, படிய வேண்டிய எலும்பில் படியாமல் போகிறது. அதற்கடுத்த கண்ணி என்.டி.5.இ., 2011இல் கண்டுபிடித்தது. அது பழுதானவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் ஒன்றும் தெரியாது, பெரியவர்களான பிறகு கால் ரத்தக்குழாய்களும் கை கால் மூட்டுகளைச் சுற்றிய இடமும் கல்லாகும். ஒரே சங்கிலி, எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறுகிறது.

இந்தச் சங்கிலிக்கு வெளியேயும் ஒரு பிரேக் இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரும் குருத்தெலும்பும் செய்கிற எம்.ஜி.பி. என்ற புரதம், வைட்டமின் கே இருந்தால்தான் அது வேலை செய்யும். 1997இல் எலிகளில் அந்த மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், குழாய்கள் கல்லாகி வெடித்து எலிகள் இரண்டு மாதத்துக்குள் செத்துப்போயின. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் இதே வைட்டமின் கே வழியைத்தான் மறிக்கிறது. அக்காவுக்குப் பின்னாளில் எப்போதாவது அப்படி மருந்து தேவைப்பட்டால், நோயின் பெயரைச் சொல்லி வேறு மருந்து ஒத்துவருமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

பாஸ்பேட் உண்மையிலேயே கூடிப்போய்ப் பெரிய கட்டிகளாகப் படிகிற நோயும் இருக்கிறது, ஜி.ஏ.எல்.என்.டி.3, எஃப்.ஜி.எஃப்.23 மரபணுக்களால் வருவது. அதில் சாப்பாட்டில் கை வைத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது அது இல்லை.

சரி, அம்மா அப்பாவுக்கு இல்லாதது எப்படிப் பரம்பரை ஆகும்? ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. அக்காவுக்கு இரண்டு பிரதியும் பழுது. அம்மாவிடம் ஒன்று பழுது ஒன்று நல்லது, அப்பாவிடமும் அப்படியே. நல்ல பிரதி ஒன்று இருந்தால் வண்டி ஓடிவிடும், அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர்களை நாங்கள் கேரியர் என்போம். அவர்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு, கேரியராக இருக்க நாலில் இரண்டு பங்கு, இரண்டும் நல்லதாக இருக்க ஒரு பங்கு. அக்காவுக்கு வந்துவிட்டது, இனி உங்களுக்கு வராது என்றோ, கட்டாயம் வரும் என்றோ கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பிறப்புக்கும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள்.

ஆனால் உங்களுக்கு 36 வயது ஆகிவிட்டது. இந்த நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ பதின்வயதிலோ தோலில் தலைகாட்டும், முப்பது வயது தாண்டும்போது கண்ணில் தடம் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் கழுத்தையும் அக்குளையும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணின் கருமணியை மருந்து விட்டு விரியவைத்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சுத்தம் என்றால் அந்த நாலில் ஒன்று மிகவும் சின்னதாகிவிடும். நோய் இல்லை என்று உறுதியானால் நீங்கள் கேரியராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

மகளுக்கு நோய் வர வேண்டுமானால் நீங்கள் மட்டும் போதாது, உங்கள் கணவரும் கேரியராக இருக்க வேண்டும். இந்த நோய் இருபத்தைந்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் பேரில் ஒருவருக்கு என்கிறார்கள், நடுவில் நாற்பதாயிரம் என்று வைத்தால் நூறு பேரில் ஒருவர் கேரியர் என்று கணக்கு வரும். மூன்றில் இரண்டு, நூறில் ஒன்று, நாலில் ஒன்று, மூன்றையும் பெருக்குங்கள்: அறுநூறில் ஒன்று. அக்காவின் குழந்தைகள் எல்லோருமே கேரியர்கள்தான், ஆனால் நோய் வர இருநூறில் ஒன்றுதான். நீங்களோ அக்காவோ ரத்த உறவில் திருமணம் செய்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, எண் கூடும். அதை ஆலோசகரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

எட்டு வயது மகளுக்கு இப்போது மரபணுப் பரிசோதனை வேண்டாம், நான் செய்யச் சொல்ல மாட்டேன். கேரியரா இல்லையா என்பது அவள் பெரியவளாகி அவளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், இன்று தெரிந்து எதுவும் மாறாது. கழுத்தில் ஏதாவது தெரிந்தால் அது வேறு கதை, அப்போது பார்க்கலாம்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு நோய் இருக்கிறது என்பதற்கு இதுவரை எந்த அறிகுறியும் இல்லை, எனவே மாத்திரையால் அக்காவின் நோய் உங்களுக்கு வந்துவிடாது. நிறுத்தினால் வராமல் போகும் என்பதும் இல்லை. ஆனால் முழங்கால் வலிக்கு யார் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள்? எலும்பு அடர்த்தி குறைவு, வைட்டமின் டி குறைவு என்று ஏதாவது பார்த்துக் கொடுத்திருந்தால் தொடருங்கள், யாரோ சொன்னார்கள் என்று சாப்பிட்டால் அந்தக் காரணத்துக்காகவே நிறுத்தலாம், அக்காவை இதில் இழுக்க வேண்டாம். அக்காவும் பாலை, தயிரை விலக்க வேண்டியதில்லை. சாதாரணமாக ஒரு பெரியவருக்குத் தேவையான, நாளுக்கு ஆயிரம் மில்லிகிராமை ஒட்டிய அளவு சாப்பாட்டிலேயே கிடைக்கட்டும், கூடுதலாக மாத்திரை மட்டும் வேண்டாம். கால்சியத்தை வலுக்கட்டாயமாகக் குறைத்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், கழுத்தில் படிந்ததைத் தேடிப்போய் எடுக்காது.

அக்காவுக்கு இப்போது நிஜமாகப் பயப்பட வேண்டிய உறுப்பு கண். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கண் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் குளியலறைக் கண்ணாடி பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால் நல்ல கண் மோசமான கண்ணின் குறையை மறைத்துவிடும், பலர் ஏமாறுவது இங்கேதான். கோடு எங்கேயாவது வளைந்தால், உடைந்தால், ஒரு கட்டம் புகைபோலத் தெரிந்தால், அடுத்த தவணை தேதி வரட்டும் என்று இருக்கக் கூடாது, அந்த வாரமே போக வேண்டும். புது ரத்தக்குழாய்களை அடக்குகிற ஊசி சீக்கிரம் போட்டால் நன்றாகக் கேட்கும், தழும்பு விழுந்த பிறகு போட்டால் போன பார்வை திரும்பாது. கண்ணில் அடிபடுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம், வேண்டுமென்றால் பாதுகாப்புக் கண்ணாடியோடு.

அப்புறம் தலைவலி, கால்வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை அவராக வாங்கிப் போடக் கூடாது. இரைப்பையின் ரத்தக்குழாய்களும் இந்த நோயில் பலவீனமாக இருக்கலாம், ரத்தக்கசிவு வரும். மலம் தார் மாதிரி கறுத்தால் உடனே மருத்துவமனை. நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகிறது என்றால் கால் ரத்தக்குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், புகைப்பழக்கம் வீட்டில் யாருக்கு இருந்தாலும் வெளியே.

நோயையே நிறுத்துகிற மருந்து இருக்கிறதா என்று அடுத்து கேட்பீர்கள். வேரோடு நிறுத்துகிற மருந்து இல்லை. ஃப்ளைஷ் பிடித்த அந்தப் பைரோபாஸ்பேட்டை உடம்பு சீக்கிரம் உடைத்துவிடுகிறது என்பதால், உடையாத அதன் உறவுகளைச் செய்தார்கள். எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கிற மருந்துக் கூட்டம் அப்படிப் பிறந்ததுதான். அதில் மூத்ததான எடிட்ரோனேட்டை நெதர்லாந்தில் இந்த நோய் உள்ள 74 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். முக்கியமாக அளக்க நினைத்த அளவையில் வித்தியாசம் வரவில்லை. ஆனால் சி.டி. படத்தில் கால் ரத்தக்குழாய்ப் படிவு குறைந்தது, கண்ணில் புது ரத்தக்குழாய்ப் பிரச்சினையும் குறைவாக இருந்தது. என் கருத்தில் இது நம்பிக்கை தருகிற முடிவு, நாளையே வாங்கிச் சாப்பிடச் சொல்கிற முடிவு இல்லை. அந்த மருந்தை நீண்ட நாள் அதிக அளவில் கொடுத்தால் எலும்பே கால்சியம் ஏறாமல் மென்மையாகிவிடும். பைரோபாஸ்பேட் பொடி என்று இணையத்தில் யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாகப் பரிசோதனை வரிசை. முதலில் அக்கா, பிறகுதான் நீங்கள். அவருடைய இரண்டு பழுதும் எவை என்று தெரிந்தால், உங்கள் ரத்தத்தில் அந்த இரண்டு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், பதில் பளிச்சென்று வரும். அவரைச் சோதிக்காமல் உங்களை மட்டும் சோதித்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், நிஜமாகவே இல்லையா, தேடத் தெரியவில்லையா என்று சொல்ல முடியாது. இந்த மரபணுவில் தேடுவது கொஞ்சம் வம்பு பிடித்த வேலை. அதன் முன்பகுதியைப் பார்த்து எழுதிய மாதிரி இரண்டு போலி மரபணுக்கள் அதே குரோமோசோமில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன, கவனமில்லாத பரிசோதனை அசலையும் போலியையும் கலந்துவிடும். இன்னொன்று, எக்ஸான்கள் என்கிற மரபணுத் துண்டுகளில் 23 முதல் 29 வரை மொத்தமாகக் காணாமல் போகிற மாற்றம் இந்த நோயில் அடிக்கடி வருவது, எழுத்தெழுத்தாகப் படிக்கிற சோதனை இதைத் தவறவிடலாம்.

அதனால் அக்காவின் ரிப்போர்ட்டில் ஒரு பழுது மட்டும் கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இப்படிக் காணாமல் போன துண்டுகளைத் தேடினீர்களா, போலி மரபணுவிலிருந்து அசலைப் பிரித்துப் படித்தீர்களா, இ.என்.பி.பி.1 மரபணுவையும் பார்த்தீர்களா என்று ஆய்வுக்கூடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலையும் ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், உங்களுக்கு எந்தச் சோதனை என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.